மாட்டு டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள்

"ரெண்டு நாளா தண்ணி இறங்கல சார். வாயில எச்சில் ஊத்திக்கிட்டே இருக்கு. தொண்டையில ஏதோ சிக்கியிருக்கும் போல, கொஞ்சம் கையை விட்டுப் பாருங்க" என்று மாட்டை ஓட்டிவந்தவர் சொல்கிறார். கால்நடை மருந்தகங்களில் வழக்கமாகக் கேட்கிற பேச்சுதான் இது. மாங்கொட்டையோ கிழங்குத் துண்டோ தொண்டையில் அடைத்துக்கொண்ட மாடு இப்படித்தான் நிற்கும். வெறிநோய் கண்ட மாடும் இப்படித்தான் நிற்கும். வைரஸ் மூளைக்குப் போய்த் தொண்டைத் தசைகளை முடக்கிவிட்டால் மாட்டால் விழுங்க முடியாது. ஊறுகிற எச்சில் அத்தனையும் வெளியே வழியும். அந்த எச்சிலில் வைரஸ் இருக்கும். பயிற்சி ஆண்டில் இருக்கும் மாணவர் ஆர்வத்தோடு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மாட்டின் வாய்க்குள் கையை நுழைப்பதற்கு முன்னால் நின்று யோசிக்க வேண்டும். நகத்தோரம் தோல் உரிந்திருக்கிறதா? நேற்று ஊசிக்கு மூடி போடும்போது குத்திய இடம் ஆறிவிட்டதா? எச்சில் ஒழுகும் எந்த விலங்கையும் முதலில் வெறிநோய் என்றே சந்தேகப்பட வேண்டும் என்பது வகுப்பில் சொல்லித்தரும் பாடம்தான். காதில் விழுந்த பாடம் கைக்கு வந்து சேரச் சில வருஷங்கள் ஆகும். கால்நடை மருத்துவம் படிக்கிறவர்களின் உடம்புக்கும் மனசுக்கும் ஆபத்து அதிகமாக இருப்பது அந்தச் சில வருஷங்களில்தான்.

சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இன்றும் அங்கேயே இயங்குகிறது. 1989-இல் இந்தியாவிலேயே முதலாவதாகக் கால்நடை மருத்துவத்துக்கென்று தனிப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டில் அமைந்தது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு என்று கல்லூரிகளும் பெருகின. படிப்பு ஐந்தரை ஆண்டு. கடைசி ஓராண்டு பயிற்சி. மனித வைத்தியம் படிப்பவருக்கு ஒரே ஓர் உயிரினத்தின் உடம்பு தெரிந்தால் போதும். இவர்களோ நான்கு அறை வயிறுள்ள மாட்டையும், வாந்தியெடுக்க முடியாத குதிரையையும், பல்லில்லாமல் அரைப்பையில் தீனியை அரைக்கும் கோழியையும், வலியைக் கடைசி வரை வெளிக்காட்டாத பூனையையும் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். அதோடு பால் பரிசோதனை, இறைச்சி ஆய்வு, தீவன மேலாண்மை எல்லாம் உண்டு. இவ்வளவையும் புத்தகத்தில் மட்டும் படித்துவிட முடியாது. விலங்கைத் தொட்டுத்தான் கற்க வேண்டும். தொடும் இடத்தில் நோயும் இருக்கிறது, கொம்பும் குளம்பும் பல்லும் இருக்கின்றன.

வெறிநோயையே எடுத்துக்கொள்வோம். அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதற்குப் பலியாவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆனால் இந்த வைரஸின் நடை மெதுவானது. காயம்பட்ட இடத்து நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறுவதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். தடுப்பூசி வேலை செய்வது இந்த அவகாசத்தில்தான். கால்நடை மருத்துவ மாணவர் இதைவிடவும் முந்திக்கொள்ளலாம். கடிபடும் முன்பே ஊசி போட்டுக்கொள்ளலாம். இந்தியாவில் இதற்கு முதல் நாள், 7-ஆம் நாள், பிறகு 21 அல்லது 28-ஆம் நாள் என மூன்று தவணை. இரண்டு தவணையே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொன்னது. இந்த ஊசி உடம்பில் நினைவுச் செல்களை உண்டாக்கி வைக்கிறது. பிறகு எப்போதாவது நாய் கடித்தாலோ, வெறிநோய் மாட்டின் எச்சில் காயத்தில் பட்டாலோ, காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றும் மூன்றாம் நாளும் இரண்டு ஊசி போட்டுக்கொண்டால் போதும். பழைய நினைவு விழித்து, சில நாட்களிலேயே எதிர்ப்புப் புரதம் பெருகிவிடும். முன்கூட்டி ஊசி போடாதவருக்கோ காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் செலுத்த வேண்டும். அது விலை கூடியது. எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் நினைத்த நேரத்தில் கிடைப்பதுமில்லை. ஆகவே இந்த ஊசி முதலாண்டில், விலங்குக் கூடத்துக்குள் கால் வைப்பதற்கு முன்பே போட்டு முடிக்க வேண்டிய ஒன்று. கடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது மாணவரின் அஜாக்கிரதை அல்ல, கல்லூரியின் தவறு. நோயாளி விலங்குகளோடு தொடர்ந்து வேலை செய்கிறவர்களுக்கு ரத்தத்தில் எதிர்ப்பு அளவு மில்லிக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் கீழே இறங்கியிருந்தால் மறுபடி ஒரு ஊசி தேவைப்படும். அதையும் யாராவது கணக்கு வைத்து நினைவூட்ட வேண்டும்.

வெறிநோயாவது எல்லோருக்கும் தெரிந்த பூதம். எனக்கு அதைவிடக் கவலை தருவது புருசெல்லா. கிராமத்தில் இதைக் கன்று வீச்சு நோய் என்பார்கள்.

கன்று போட்டு ஒரு நாளாகியும் கொடி விழவில்லை என்று அழைப்பு வருகிறது. தொழுவத்தில் குண்டு பல்பு வெளிச்சம். மாணவி தோள் வரைக்கும் நீளும் பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு, எண்ணெய் தடவிக் கருப்பைக்குள் கையை விடுகிறார். கருப்பையின் உட்சுவரில் வரிசையாகப் புடைத்திருக்கும் முடிச்சுகளில் நஞ்சுக்கொடி கவ்விக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முடிச்சையும் விரலால் தடவிக் கண்டுபிடித்துப் பிரித்தெடுக்க வேண்டும். இப்படிக் கையால் பிரிப்பது கருப்பையைப் புண்ணாக்கும், தானாக விழட்டும் என்று விடுவதே நல்லது என்று இப்போது பல நிபுணர்கள் சொல்கிறார்கள். ஆனால் நாற்றமெடுக்கும் கொடியைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும் மாட்டின் பக்கத்தில் அதன் சொந்தக்காரர் நின்றுகொண்டு, "ஏம்மா, சும்மா பாத்துட்டுப் போறதுக்கா வந்தீங்க?" என்று கேட்கும்போது அந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்வது சுலபமில்லை. பிளாஸ்டிக் கையுறை மெல்லியது; ஒரு முடிச்சில் மாட்டினால் விரல் நுனியில் கிழிந்துவிடும். கையுறை போட்டால் விரலுக்கு உணர்ச்சி தெரியாது என்று வெறுங்கையை விடச் சொல்லித்தரும் சீனியர்களும் உண்டு. கருப்பை நீர் முகத்தில் தெறிக்கும். முகக்கவசமும் கண்ணாடியும் அநேகமாக ஹாஸ்டல் அறையில் இருக்கும்.

அந்த நீரில் என்ன இருக்கிறது? மாட்டின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்ற ஒரு சர்க்கரைப் பொருள் நிறைய உண்டு. புருசெல்லா பாக்டீரியாவுக்கு அது விருப்பமான தீனி. அதனால்தான் இந்தக் கிருமி சினைமாட்டின் கருப்பையில் போய்க் குடியேறிக் கோடி கோடியாகப் பெருகுகிறது, மாடு காலத்துக்கு முன்பே கன்றை வீசிவிடுகிறது. மனிதருக்குத் தொற்ற மிகச் சில கிருமிகளே போதும். தோல் கீறல், கண், மூச்சு எந்த வழியும் அதற்குத் திறந்த கதவுதான். உள்ளே வந்ததும், கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளையணுக்களுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு அங்கேயே பெருகும். காய்ச்சல் வரும், இறங்கும், மறுபடி வரும். இரவில் வியர்வை ஊற்றும், இடுப்பு வலிக்கும், ஆண்களுக்கு விரை வீங்கலாம். டேவிட் புரூஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் 1887-இல் மால்டா தீவில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்துச் சொன்னது இப்படி விட்டுவிட்டு வந்த காய்ச்சலில் இறந்த சிப்பாய்களின் உடலிலிருந்துதான்.

காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் மாணவரிடம், என்ன வேலை செய்கிறாய், எதைத் தொட்டாய் என்று கேட்கிற மருத்துவர்கள் குறைவு. டைபாய்டு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். காய்ச்சல் இறங்கும், பிறகு திரும்பும். புருசெல்லாவுக்கு டாக்ஸிசைக்கிளின், ரிஃபாம்பிசின் ஆகிய இரண்டையும் சேர்த்து 6 வாரம் சாப்பிட வேண்டும். ஒரு வாரத்து மாத்திரையில் அது போகாது. எனவே கேட்டாலும் கேட்காவிட்டாலும் "நான் கால்நடை மருத்துவம் படிக்கிறேன், போன மாதம் கன்று வீசின மாட்டைப் பார்த்தேன்" என்று மாணவரே முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும். ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் இந்தத் தகவல் போக வேண்டும். ஏனென்றால் தெரியாமல் இந்தக் கிருமியை வளர்த்து முகர்ந்த ஆய்வகப் பணியாளர்கள் உலகெங்கும் நோயில் விழுந்திருக்கிறார்கள். மாட்டுக்குப் போடும் தடுப்பூசியும்கூட உயிருள்ள கிருமிதான். 4 முதல் 8 மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு அதைப் போடும் முகாம்களில், துள்ளும் கன்றைப் பிடித்துக்கொண்டு ஊசி போடும் மாணவரின் விரலில் அது ஏறிவிட்டால் அதையும் நோய்த்தொற்று என்றே கருதி சிகிச்சை எடுக்க வேண்டும். "சின்னக் குத்துதான், துடைச்சுட்டேன்" என்று விடக்கூடாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாட்பட்ட புருசெல்லா தொற்று சோர்வையும் மன அழுத்த நோயையும் கொண்டுவரும். படிப்பில் கவனமில்லை, எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறான் என்று வீட்டில் திட்டு வாங்குகிற ஒரு மாணவனின் ரத்தத்தில் கிருமி இருக்கக்கூடும். உடம்பு வேறு மனசு வேறு என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் இந்த இடத்தில் ஆளைக் கைவிட்டுவிடும்.

பயிற்சி சரியாக அமைந்தால் எவ்வளவு பாதுகாப்பு தரும் என்பதற்கு ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோய் நல்ல சாட்சி. திடீரென்று செத்துக்கிடக்கும் மாடு. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருத்த ரத்தம். பிரேதப் பரிசோதனைக்கு வந்த மாணவர் கத்தியை எடுக்கவே கூடாது. காதோரத்து ரத்தக்குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடித் துண்டில் இழுத்து, பாலிகுரோம் மெத்திலீன் நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நீல நிறக் குச்சிகளும் அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பு உறையும் தெரிந்தால் அடைப்பான். ஜான் மக்ஃபேடியன் 1903-இல் விவரித்த அதே சாய முறைதான் இன்றும். உடலை அறுத்தால் காற்றுப் பட்டு பாக்டீரியா வித்துகளாக மாறும். அந்த வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். அறுக்காமல் ஆழப் புதைத்துவிட்டால் ஆபத்து பெருமளவு குறைகிறது. முதலில் சாயம், பிறகுதான் கத்தி என்ற ஒழுங்கை மாணவரின் கை கேள்வி கேட்காமல் கற்றுக்கொள்கிறது. கையுறைக்கும் ஊசிக்கும் இதே கண்டிப்பு ஏன் வரவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத ஆபத்துகளும் உண்டு. உடற்கூறு வகுப்பில் ஃபார்மலின் வாடை முதல் நாள் கண்ணைக் கரிக்கும். சில வாரத்தில் மூக்கு மரத்துப்போகும். வாடை தெரியாமல் போனால் வாயு இல்லாமல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் ஃபார்மலினிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. கழிச்சல் கண்ட கன்றுக்குட்டியிடமிருந்து வரும் கிரிப்டோஸ்போரிடியம் பல நாடுகளில் கால்நடை மருத்துவ மாணவர்களைக் கூட்டமாக வயிற்றுப்போக்கில் படுக்க வைத்திருக்கிறது. அதைச் சானிடைசர் கொல்லாது, குளோரினும் கொல்லாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் வழி. தொழுவத்துப் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தாக வேண்டும். எக்ஸ்ரே எடுக்கையில் நாயைப் பிடித்துக்கொள்ள எப்போதும் மாணவர்தான் அகப்படுவார். தூரம் இரு மடங்கானால் கதிர்வீச்சு நான்கில் ஒரு பங்காகக் குறையும். நாய்க்கு மயக்க ஊசி போட்டு மணல் மூட்டையால் அணைத்துப் படுக்க வைத்துவிட்டால் யாரும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதேயில்லை. மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவரப் போடும் புரோஸ்டகிளாண்டின் மருந்து தோல் வழியாகவே உள்ளே போகும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது. மாணவிகள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில் இதை முதல் வகுப்பிலேயே சொல்லியாக வேண்டும்.

குதிரை பின்னுக்கு உதைக்கும். மாடு காலை முன்னுக்கு வீசிப் பக்கவாட்டில் வளைத்து உதைக்கும். மடிக்குப் பக்கத்தில் குனிந்திருப்பவரின் முழங்காலும் முகமும் அந்த வளைவுக்குள் வந்துவிடும். டிராவிஸ் கம்பிச் சட்டத்துக்குள் மாட்டை நிறுத்தினால் பாதி ஆபத்து குறையும். ஊர்ப்புறத்தில் சட்டம் ஏது, தென்னை மரமும் கயிறும்தான். சினை பார்க்கப் பழகும் நாட்களில் மலக்குடலுக்குள் தோள் வரை கையை விட்டு, இறுக்கும் தசைக்கு எதிராகத் துழாவித் துழாவித் தோள்பட்டையும் முழங்கையும் வலியெடுக்கும். சொல்லித்தருபவருக்கும் உள்ளே மாணவரின் விரல் எங்கே போகிறது என்று தெரியாது. இதற்காகவே சாரா பெய்லி என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர், கணினியோடு இணைத்த ஒரு தொடு கருவியை உருவாக்கினார். திரையில் கருப்பை தெரியும், விரலுக்கு அதன் கெட்டியும் மென்மையும் உறைக்கும், ஆசிரியரும் பார்த்துத் திருத்தலாம். மாட்டைத் துன்புறுத்தாமல் முதல் தடுமாற்றங்களை அங்கேயே கழித்துவிடலாம். அந்தக் கருவி விலை கூடியதுதான். துணியும் நுரைப்பஞ்சும் வைத்துச் செய்த மாதிரிகளே ஓரளவு பயன் தரும்.

இனி மனசுக்கு வருவோம். தமிழ்நாட்டில் மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நிரம்புகின்றன. நல்ல மதிப்பெண் எடுத்தும் எம்.பி.பி.எஸ். இடம் தவறிப் போய் வருகிறவர்கள் கணிசம். கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் "என்ன படிக்கிற தம்பி?" என்று கேட்டு, பதில் வந்ததும் "ஓ, மாட்டு டாக்டரா!" என்று இழுக்கும் இழுப்பில் ஒரு கத்தி இருக்கிறது. விரும்பித் தேடி வந்தவர்களையும் அது வெட்டும். கிடைக்காததற்காக வருந்திக்கொண்டே, கிடைத்ததன் பாரத்தையும் சுமக்கிறார்கள். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டுக் கால்நடை மருத்துவ மாணவர்களை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் மருத்துவக் கவனம் தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. முதலாண்டிலேயே! ஒரு விலங்கின் மரணத்தையும் பார்ப்பதற்கு முன்பே.

மரணம் பிறகு வருகிறது. கன்று ஈன்ற கையோடு கால்சியம் குறைந்து விழுந்துகிடக்கும் மாட்டுக்கு நரம்பில் கால்சியம் ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் சாணி போட்டுவிட்டு எழுந்து நிற்கும். அந்தக் காட்சியைப் பார்த்த மாணவர் இந்தத் தொழிலை விடமாட்டார். அடுத்த வீட்டில் இடுப்பெலும்பு உடைந்த மாடு படுத்த படுக்கையாகப் புண் வைத்துக்கிடக்கும்; வைத்தியம் கிடையாது, கருணைக்கொலைக்கும் வீட்டார் சம்மதிக்க மாட்டார்கள். நகரத்து ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்தால் பிழைக்கும் நாயைப் பணமில்லை என்று விட்டுவிட்டுப் போவார்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தும் செய்ய முடியாமல் நிற்பது உடல் களைப்பைவிடக் கொடியது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் பெர்னார்ட் ரோலின் 1980-களில் இதை அறம் சார்ந்த அழுத்தம் என்று தனியாகப் பிரித்துக் காட்டினார். மற்ற வேலைப் பளுவுக்கு ஓய்வு மருந்தாகும். இதற்கு ஓய்வு மட்டும் போதாது, பேசித் தீர்க்க வேண்டும் என்றார். நம் கல்லூரிகளில் இந்தப் பேச்சுக்கு நேர அட்டவணையில் இடமில்லை. இறந்துபோன நாயின் கேஸ் ஷீட்டை முடித்துவிட்டு அடுத்த நாயை மேஜையில் ஏற்றச் சொல்வார்கள். பத்து நிமிஷம் உட்கார்ந்து, "இதில் நாம் செய்ததற்கு மேல் எதுவும் செய்திருக்க முடியாதப்பா" என்று ஓர் ஆசிரியர் சொன்னால் அந்த மாணவர் அன்றிரவு தூங்குவார்.

பேசாமல் விட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு எண்கள் இருக்கின்றன. 1979 முதல் 2015 வரையிலான அமெரிக்க மரணப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், ஆண் கால்நடை மருத்துவர்களிடையே தற்கொலை பொதுமக்களைவிட 2.1 மடங்கும், பெண்களிடையே 3.5 மடங்கும் அதிகம் என்று 2019-இல் கண்டார்கள். காரணம் ஒன்றல்ல. கொடிய மருந்துகள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் அவற்றில் ஒன்று. இது பரிகாரம் உள்ள காரணம். இலங்கையில் 1995 முதல் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்ததும் தற்கொலை விகிதம் அடுத்த இருபதாண்டுகளில் பெருமளவு சரிந்தது. மனம் உடைந்த அந்தச் சில மணி நேரத்தில் கைக்குப் பக்கத்தில் எதுவும் இல்லாமலிருந்தால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பதே இதன் பொருள். மருந்து அலமாரியை இரண்டு பேர் சேர்ந்தால்தான் திறக்க முடியும் என்று ஒவ்வொரு கால்நடை ஆஸ்பத்திரியும் வைத்துக்கொள்ளட்டும். மனசு தாங்காத நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைத்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இந்த எண் ஹாஸ்டல் சுவரில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும்.

கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வரும் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு சீட்டு எழுதுகிறோம். ஊசி குத்திய மாணவருக்கும், மாடு உதைத்த மாணவிக்கும், கழிச்சல் கன்றைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் படுத்தவருக்கும் அதே மாதிரி ஒரு பதிவேடு வேண்டும். எழுதினால் திட்டு விழும் என்ற பயம் இருக்கும் வரை யாரும் எழுத மாட்டார்கள். ஆகவே அந்தப் பதிவேடு பாடம் நடத்துபவரின் கையில் இல்லாமல் வேறொருவரிடம் இருப்பது நல்லது. ஒரு வருஷம் எழுதிப் பார்த்தால் எந்த வார்டில், எந்தக் கிழமையில், எத்தனை மணி நேரம் தொடர்ந்து வேலை பார்த்த பிறகு விபத்து நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

சேரும்போதே ரத்தம் எடுத்துச் சீரத்தைப் பிரித்து உறைநிலையில் வைக்கும் வழக்கமும் வேண்டும். மூன்றாம் ஆண்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து புருசெல்லாவுக்கோ எலிக்காய்ச்சலுக்கோ எதிர்ப்புப் புரதம் தெரிந்தால், அது சின்ன வயதில் வீட்டு மாட்டிடமிருந்து வந்த பழைய தொற்றா, இப்போது வார்டில் வாங்கியதா என்பதை அந்தப் பழைய மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். சேர்க்கை நாளில் மதிப்பெண் பட்டியலையும் சான்றிதழ்களையும் சரிபார்க்கிற மேஜைக்குப் பக்கத்திலேயே இன்னொரு மேஜை போட்டு, ஒவ்வொருவரிடமும் 5 மில்லி ரத்தம் எடுத்துப் பெயர் எழுதி வைத்துவிடலாம்.